சுவருக்கு உண்டு, பாடத்துக்கு இல்லையா?

"பசிச்சவனுக்குச் சோறு போடுங்க, பாடம் நடத்தாதீங்க." பெரிய காஞ்சிபுரத்தில் ஏழைத் தாய்மாருக்கான ஊட்டச்சத்துக் கல்வி பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் பதில் இதுதான். சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. அன்னதானத்துக்கு அரிசி மூட்டை அனுப்புகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தருகிறவர்கள், அங்கன்வாடிக்கு மின்விசிறி மாட்டிக் கொடுத்தவர்கள். அதனால்தான் அவர்கள் சொல் ஊரில் எடுபடுகிறது. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு இரண்டு பங்கு போடும் என்ற ஏற்பாடு நம் மாநிலத்தில் இருக்கிறது. அந்தப் பணத்தில் சுற்றுச்சுவர் எழுப்பலாம், கழிப்பறை கட்டலாம், பூங்கா அமைக்கலாம். ஆறு மாதக் குழந்தைக்கு என்ன ஊட்டுவது, எப்படி ஊட்டுவது என்று தாய்மாருக்குச் சமைத்துக் காட்டிச் சொல்லித் தருவதற்கு அதே போல அரசின் பங்கைக் கேட்கலாமே என்றால், "அது வீண் செலவு. சுவர் நிக்கும். பேச்சு காத்தோட போயிடும்" என்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. கேட்பதற்கு இரக்கமாக ஒலிக்கும் இதற்கு விலை கொடுப்பவர்கள் பட்டு நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வளரும் குழந்தைகள். அதனால் இதை ஒவ்வொரு கண்ணியாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான இடத்திலிருந்தே தொடங்குவோம். பசி முதலில் தீர வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. அதைத் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்பே உணர்ந்தது. 1920ல் சர் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்துப் பார்த்தது. 1956ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் முழுவதற்குமான திட்டமாக வளரத் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2022ல், காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று, பள்ளிகளில் காலை உணவும் வந்தது. அறநிலையத் துறையின் கோயில்களில் 2002லிருந்து அன்னதானத் திட்டம் நடக்கிறது. வயிற்றுக்கு இடும் பணியில் நூறாண்டுக் காலமாக நாம் பின்வாங்கவில்லை. அதற்காகப் பெருமைப்பட நமக்கு எல்லா உரிமையும் உண்டு.

சோறு மட்டும் போதும் என்றால், இத்தனைக்கும் பிறகு நம் பிள்ளைகள் எப்படி இருந்திருக்க வேண்டும்? ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 2019–21க்கான தமிழ்நாட்டு நிலையைச் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் அது 50.7 சதவீதமாக இருந்தது, கூடியிருக்கிறது. 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள்.

கடைசி இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தம் போதவில்லை. பத்தில் நான்கு பெண்களுக்கு எடை கூடுதல். இது வெறும் வயிற்றின் கணக்கு அல்ல. வயிறு நிறைந்தும் உடம்புக்கு வேண்டியது சேராத வீடுகளின் கணக்கு. அரிசி இருக்கிறது, பருப்பு, கீரை, முட்டை, பழம் தட்டில் குறைவாக இருக்கின்றன, அல்லது யாருக்கு எப்போது வேண்டுமோ அவருக்கு அப்போது போய்ச் சேருவதில்லை. இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டு இந்தக் குறையைத் தீர்க்க முடியாது.

"தெரியாமலா சாப்பிடாம இருக்காங்க? காசு இல்லாம சாப்பிடாம இருக்காங்க" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை இதில் இருப்பதால் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். பட்டு நெசவாளர் வீட்டின் வருமானம் தறியைப் பொறுத்தது. பாவு ஏறினால் கூலி வரும். பாவு கிடைக்காத வாரத்தில் கடன் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் வேலை நிற்கும். ஆண் நாடா தள்ளும்போது, தார் சுற்றுவதும் பாவு சீர்செய்வதும் பெண்ணின் வேலை; பெரும்பாலும் அதற்குத் தனிக் கூலி கிடையாது. அந்த வேலையோடு வேலையாகத்தான் அவள் உலை வைக்கிறாள். இப்படிப்பட்ட வீட்டில் போய் "தினமும் ஆப்பிள் கொடுங்கள், பாதாம் கொடுங்கள்" என்று சொல்வது அவமதிப்பு. அதை ஊட்டச்சத்துக் கல்வி என்று யாரும் அழைக்க வேண்டாம்.

ஆனால் காசே கேட்காத விஷயங்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பதற்குச் செலவு இல்லை. சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதை நிறுத்தவும் செலவு இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பதற்குக் காசு தேவையில்லை. தாய்க்கு ஓய்வும் வீட்டாரின் ஒத்துழைப்பும் தேவை. ஆறு மாதம் முடிந்ததும் பல வீடுகளில் குழந்தைக்குப் பருப்புத் தண்ணீரும் சோற்றுக் கஞ்சியும் ஊட்டுகிறார்கள். குழந்தையின் வயிறு சின்னது. தண்ணீரால் அது நிரம்பிவிடும், சத்துக்கு இடம் இருக்காது. அதே வீட்டில் வெந்த அதே பருப்பைக் கெட்டியாக மசித்து, சோறும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து ஊட்டினால் குழந்தை தேறும். செலவில் வித்தியாசம் அநேகமாக ஒன்றும் இல்லை. சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. டீயைச் சற்றுத் தள்ளி வைத்துக் குடிக்கலாம். முருங்கைக் கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அந்த இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது. பிஸ்கட் பாக்கெட்டுக்குப் போகும் காசு முட்டைக்குப் போகலாம். வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் கர்ப்பிணி முதல் பந்தியில் உட்காரலாம். இவற்றில் எதற்கும் வருமானம் கூடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டும், தெரிந்ததைச் செய்ய வீட்டில் மற்றவர்கள் விட வேண்டும். இரண்டாவது காரணத்தால்தான் மாமியாரையும் கணவரையும் சேர்த்து உட்கார வைக்காத ஊட்டச்சத்துக் கல்வி அரைகுறையாக நின்றுவிடுகிறது.

"காசா, கல்வியா?" என்ற கேள்வியை நேரடியாகச் சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். 2012க்கும் 2014க்கும் இடையே வங்கதேசத்தின் கிராமங்களில் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து ஏழைத் தாய்மாரைப் பல குழுக்களாகப் பிரித்தன. ஒரு குழுவுக்குப் பணம் மட்டும். ஒரு குழுவுக்கு உணவுப் பொருள் மட்டும். இன்னொரு குழுவுக்குப் பணத்தோடு வாராந்தர ஊட்டச்சத்துக் கல்வி. கல்வி என்றால் கூட்டத்தில் பேசிவிட்டுப் போவது அல்ல. வாரம்தோறும் தாய்மார் கூடினார்கள். வீட்டுக்கே ஆள் போனார்கள். ஊர்ப் பெரியவர்களோடும் பேசினார்கள். இரண்டாண்டு முடிவில், நாட்டின் வடபகுதியில் பணமும் கல்வியும் சேர்ந்து கிடைத்த குழுவில் குழந்தைகளின் உயரக்குறைவு ஏழு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் குறைந்திருந்தது. பணம் மட்டும் கிடைத்த குழுவிலும் உணவு மட்டும் கிடைத்த குழுவிலும் உயரக்குறைவில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. கல்விக்குப் பணம் துணை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பணத்துக்கும் கல்வி துணை வேண்டும் என்பதை எதிர்த்தரப்பு மறுக்க முடியாது.

இது காஞ்சிபுரத்துக்கு நேராகப் பொருந்தும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது இதே ஊரில்தான். மாதம் 1,000 ரூபாய், குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பணம் என்ற பாதி பெண்ணின் கைக்கு வந்துவிட்டது. மற்றப் பாதியை யார் கொண்டு வருவது? "பாடம் வேண்டாம்" என்கிறவர்கள் அந்த ஆயிரம் ரூபாய் தரக்கூடிய பலனில் பாதியைத் தடுத்து நிறுத்துகிறார்கள்.

வங்கதேசம் வரை போவானேன்? நம்மிடமே சான்று இருக்கிறது. 1980ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதம்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு; அதுவும் தேறிய குழந்தைக்கு 90 நாளில் நிறுத்தப்படும். அதற்குள் தாய் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. ஊர்ப் பெண்களைக் கொண்ட மாதர் குழுக்கள் சத்துமாவு தயாரித்தன, தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தன. உணவைக் கொஞ்சமாகவும் கல்வியைத் தொடர்ச்சியாகவும் கொடுத்த திட்டம் அது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது என்று உலக வங்கியின் மதிப்பீடு சொன்னது. மிதமான குறைபாட்டில் அதே வேகம் வரவில்லை. அதற்காகத்தான் 1990களில் இரண்டாம் கட்டம் வந்தது. இந்தத் திட்டத்தின் செலவில் ஏறக்குறையப் பாதி உலக வங்கிக் கடன், மீதி மாநில அரசின் பணம். ஒருவர் ஒரு பங்கு, மற்றவர் ஒரு பங்கு என்ற முறையில் ஊட்டச்சத்துக் கல்விக்குப் பணம் திரட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 45 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறோம்.

அண்டை மாநிலத்தையும் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் ஆலப்புழையில் யுனிசெஃப் துணையோடு நடந்த சமுதாய ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஏழைப் பெண்கள் அக்கம்பக்கத்துக் குழுக்களாகக் கூடினார்கள். அந்தக் குழுக்களின் அனுபவத்திலிருந்துதான் 1998ல் கேரளத்தின் மகளிர் குழு இயக்கமான குடும்பஸ்ரீ பிறந்தது. ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசக் கூடிய பெண்கள் சேமிப்பையும் தொழிலையும் உள்ளாட்சியையும் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு காற்றோடு போகவில்லை.

அடுத்த வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. "ஊட்டச்சத்து மாதம்னு செப்டம்பர்ல கோலம் போடறாங்க, உறுதிமொழி எடுக்கறாங்க, போட்டோ புடிச்சு அனுப்பறாங்க. இதுக்கு இன்னும் பணமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கோபம். ஆனால் அது போகவேண்டிய இடம் வேறு. 2018ல் தொடங்கிய, மத்திய அரசின் ஊட்டச்சத்து இயக்கமான போஷன் அபியான் வழிகாட்டுதலின்படி அங்கன்வாடியில் நடக்கும் சமுதாய நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய தொகை 250 ரூபாய். மாதம் இரண்டு நிகழ்ச்சி. அந்தப் பணத்தில் இருபது, முப்பது தாய்மாருக்கு என்ன சமைத்துக் காட்ட முடியும்? யாரைப் பயிற்றுநராக அழைக்க முடியும்? கோலத்துக்குத்தான் அந்தப் பணம் போதும். அதனால் கோலம் போட்டார்கள். கல்விக்கு உரிய பணத்தைக் கொடுக்காமல் வைத்துவிட்டு, கல்வியால் பலன் இல்லை என்று தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

உண்மையான ஊட்டச்சத்துக் கல்வி சின்ன அளவில் நடப்பது, திரும்பத் திரும்ப நடப்பது. பதினைந்து தாய்மார், ஒரு அடுப்பு, ரேஷனில் கிடைக்கும் அரிசியும் துவரம்பருப்பும், அங்கன்வாடியின் சத்துமாவு, தெருவில் கிடைக்கும் கீரை. சமைக்க வேண்டும், குழந்தைக்கு அங்கேயே ஊட்டிப் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும். வாரம் கழித்து வீட்டுக்குப் போய், "அன்னிக்குச் செஞ்ச மாதிரி முடிஞ்சதாம்மா? எங்க சிக்கல்?" என்று கேட்க வேண்டும். தாய் சொல்லும் சிக்கலைக் கேட்டு அடுத்த வாரப் பாடத்தை மாற்ற வேண்டும். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். ஆள் வேண்டும், நேரம் வேண்டும், தொடர்ச்சி வேண்டும். தாய்லாந்து 1980களில் குழந்தைகளின் எடைக்குறைவை வேகமாகக் குறைத்ததற்குப் பின்னால், ஏறத்தாழப் பத்து வீட்டுக்கு ஒருவர் என்று ஊரிலிருந்தே பழக்கிய தொண்டர்கள் இருந்தார்கள்.

"அப்படியானால் அரசே முழுதாகச் செய்யட்டும். வரி கட்டுகிறோமே, இன்னும் ஏன் ஊர் பங்கு போட வேண்டும்?" என்பது ஒரு தரப்பு. "அரசிடம் ஏன் போக வேண்டும்? ஊரில் தர்மவான்கள் இல்லையா?" என்பது இன்னொரு தரப்பு. இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே முடிவுக்கு வருகின்றன: பங்கு நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

முதல் தரப்புக்கு: அரசு தன் பங்கைப் போடவே செய்கிறது. அங்கன்வாடித் திட்டத்தின் பொதுச் செலவில் மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 40. துணை உணவுக்கு இருவரும் சரிபாதி. ஆனால் அந்தப் பணம் தெருவுக்கு வரும்போது அங்கன்வாடி ஊழியர் ஒருவரின் தோளில்தான் இறங்குகிறது. முன்பருவக் கல்வி, சமையல் மேற்பார்வை, பதிவேடு, கைபேசிச் செயலி, கணக்கெடுப்பு எல்லாம் அவர் தலையில். வாரம் ஒருமுறை பதினைந்து வீடு ஏறி இறங்க அவருக்குப் பொழுது எங்கே? தெருவிலேயே இருக்கும் பெண்கள் துணைக்கு வராமல் அந்த வேலை நடக்காது. ஊரின் பங்கு என்று நான் சொல்வது முதன்மையாக அதைத்தான்.

இரண்டாவது தரப்புக்கு: தர்மம் பெரியது. ஆனால் அது பிறந்த நாளுக்கும் திதிக்கும் திருவிழாவுக்கும் வருவது. வாரம்தோறும் ஓராண்டு நடக்க வேண்டிய வேலையை அது தாங்காது. தவிர, தர்மத்துக்குத் தணிக்கை இல்லை. இந்த ஆண்டு எத்தனை குழந்தைக்கு எடை ஏறியது என்று கொடுத்தவரும் கேட்பதில்லை, பெற்றவரும் சொல்ல வேண்டியதில்லை. அரசின் பங்கு வந்தால் கணக்கு வரும், கேள்வி வரும். ஊரின் பங்கு இருந்தால் அந்தக் கேள்வியைத் தாய்மாரும் கேட்கலாம். இந்த இரட்டைப் பிணைப்பு வேறு எந்த ஏற்பாட்டிலும் கிடைக்காது.

நம் ஊரின் பழைய நினைவிலும் இதற்கு இடம் உண்டு. மணிமேகலை பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்து அமுதசுரபியால் பசி தீர்த்தாள் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதே காஞ்சியில், பசி தீர்த்த பிறகு, அறவண அடிகளிடம் அறம் கேட்டாள் என்பதோடுதான் அந்தக் காப்பியம் முடிகிறது. சோற்றையும் கல்வியையும் ஒன்றுக்கொன்று பகையாக்கும் பேச்சு நம் மரபில் வந்தது அல்ல.

எதிர்த்தரப்பு சொல்லாத, ஆனால் சொல்லியிருக்க வேண்டிய வலுவான வாதம் ஒன்று உண்டு. பங்கு போட்டால்தான் பணம் என்றால், பங்கு போட வசதியுள்ள தெருவுக்கே பணம் போகும். வசதியற்ற தெரு மேலும் பின்தங்கும். இது உண்மையான ஆபத்து. அமெரிக்காவில் இது நடந்தது. அங்கே உணவு உதவி பெறும் ஏழைக் குடும்பங்களுக்கான ஊட்டச்சத்துக் கல்விக்கு, மாநிலம் ஒரு டாலர் போட்டால் மத்திய அரசு ஒரு டாலர் போடும் என்ற ஏற்பாட்டை 1988ல் விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையினர் முதலில் பயன்படுத்தினார்கள். 1992ல் ஏழு மாநிலங்கள். 2004ல் ஐம்பது மாநிலங்களும். உள்ளூர்ப் பங்கைத் திரட்ட வல்லவர்கள் நிறையப் பெற்றார்கள், முடியாதவர்கள் குறைவாகப் பெற்றார்கள். 2010ல் ஒரு சட்டம் அந்தப் பங்கு நிபந்தனையை நீக்கி, முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்கச் செய்தது. பிறகு 2025ல் வந்த இன்னொரு சட்டம் அந்த நிதியையே நிறுத்திவிட்டது. இரண்டு பாடங்கள் இதில் இருக்கின்றன. பங்கு நிபந்தனை ஏழையை வெளியே தள்ளக் கூடாது என்பது ஒன்று. ஒரே கருவூலத்தை மட்டும் நம்பிய வேலையை ஒரே கையெழுத்து நிறுத்திவிடும் என்பது மற்றொன்று.

முதல் ஆபத்துக்கு மருந்து, பங்கு முறையையே தூக்கி எறிவது அல்ல. எதைப் பங்கு என்று கணக்கிடுகிறோம் என்பதை மாற்றுவது. தொடக்கத்தில் நான் சொன்ன மக்கள் பங்கு ஏற்பாடான நமக்கு நாமே திட்டம் 1990களின் இறுதியில் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021க்குப் பிறகு மறுபடி பழைய பெயரில் நடக்கிறது. பொதுவாக மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. ஊரகப் பகுதியில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வாழும் இடங்களில் அது ஐந்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஏழைக்குப் பங்கு குறைவாக இருக்கலாம் என்பதை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது என்று இதற்குப் பொருள். தனியார் நிறுவனம் தரும் பணத்தையும் மக்கள் பங்காக வைக்கலாம். ஆனால் இந்தத் திட்டம் கட்டடம், சாலை, பூங்கா, நீர்நிலை போன்ற பணிகளுக்காக வகுக்கப்பட்டது. அதில் ஊட்டச்சத்துக் கல்வியையும் சேர்க்க வேண்டும். பணத்தோடு உழைப்பையும் பங்காக ஏற்க வேண்டும். இந்த இரண்டு திருத்தங்களும் அரசாணையால் செய்யக்கூடியவை.

உழைப்பைக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்குப் போடுகிறேன். ஒரு பகுதியில் நான்கு பெண்கள், வாரம் மூன்று மணி நேரம், ஆண்டில் நாற்பது வாரம் இந்த வேலைக்குக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். 480 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்றால் 28,800 ரூபாய். கூடும் இடம், அடுப்பு, பாத்திரம், விறகு அல்லது கேஸ் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 11,200 ரூபாய் மதிப்பு வைத்தால் ஊரின் பங்கு 40,000 ரூபாய். ஒருவரிடமும் கைநீட்டாமல் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது. அரசின் இரண்டு பங்கு 80,000 ரூபாய். அதில் பயிற்றுநர் மதிப்பூதியம், எடைக்கருவி, சமையல் பொருள், ரத்தப் பரிசோதனை எல்லாம் அடங்கும். அறுபது தாய்மார் பயன்பெற்றால், ஊர்ப் பங்கையும் சேர்த்து ஒரு தாய்க்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். மாதத்துக்கு 170 ரூபாய்க்கும் குறைவு. இதை வீண் செலவு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

"அரசிடம் பணம் ஏது?" என்பது கடைசி வாதம். போஷன் அபியானின் முதல் ஆண்டுகளில், 2021 மார்ச் வரை, மாநிலங்களுக்கு விடுவித்த ஐயாயிரம் கோடிக்கும் மேற்பட்ட தொகையில் செலவானது 56 சதவீதம் மட்டுமே என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. பணம் பயன்படாமல் கிடந்த நாட்டில், பணம் இல்லை என்று சொல்லிக் கேட்காமலே இருப்பது சரியாகாது. நம் மாவட்டத்திலேயே திருப்பெரும்புதூரும் ஒரகடமும் இருக்கின்றன. கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனம் தன் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் முதலாவதாக நிற்பது பசியையும் வறுமையையும் ஊட்டச்சத்துக் குறைபாட்டையும் ஒழிக்கும் பணி. தான் இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அதே பிரிவு சொல்கிறது. கேட்பதற்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது.

இந்த ஊர் இதற்கு முன்பும் ஒரு "முடியாது" கேட்டிருக்கிறது. 1990களில் காஞ்சிபுரத்துத் தறிகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள், பலர் முன்பணக் கடனுக்காக. "வறுமை இருக்கும்வரை பிள்ளைங்க தறிக்குத்தான் வரும், பள்ளிக்கூடம்னு பேசிப் பிரயோசனம் இல்ல" என்று அன்றும் சொன்னார்கள். வறுமை முழுதாகத் தீரும் வரை யாரும் காத்திருக்கவில்லை. சட்டமும் மதிய உணவும் சிறப்புப் பள்ளிகளும் வீடு வீடாகப் போய்ப் பேசிய மனிதர்களும் சேர்ந்து பெருவாரியான பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சோறும் பேச்சும் சேர்ந்துதான் அதைச் செய்தன.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று பேருக்கு. மாநகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும்: மக்கள் பங்களிப்புத் திட்டங்களின் பட்டியலில் ஊட்டச்சத்துக் கல்வியைச் சேர்க்கவும், பெண்களின் உழைப்பு நேரத்தைப் பங்காக ஏற்கவும் அரசுக்குப் பரிந்துரை எழுதுங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மகளிர் குழுக் கூட்டமைப்புகளுக்கும்: விதி மாறும்வரை காத்திருக்காமல், நிறுவனங்களின் சமூக நிதிக்கும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்கும் இந்த ஆண்டே விண்ணப்பம் கொடுங்கள். விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் தெருக் குழந்தைகளின் இன்றைய எடை, உயரம், நீங்கள் கொடுக்கும் மணி நேரம், கூடும் இடம். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை அனுப்பும் பெரியவர்களுக்கு: மூட்டையை நிறுத்த வேண்டாம். ஊட்டச்சத்துக் கல்விக்கான விண்ணப்பம் உங்களிடம் ஆதரவுக் கையெழுத்துக்கு வரும்போது, "சோறு போட்டா போதும்" என்று திருப்பி அனுப்பாமல் கையெழுத்துப் போடுங்கள். நூறாண்டு சோறு போட்ட மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இன்னும் ரத்தசோகை இருக்கிறது. சோறு மட்டும் போதவில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.